கவிதை, பீரங்கி, அப்புறம் பன்னிரண்டு வருட வெளியுறவு: கோச்சா போப்போவிச்

நீங்கள் கேட்ட கேள்வி இது: "யுகோஸ்லாவியாவின் வெளியுறவுக் கொள்கை என்றாலே டிட்டோ, நேரு, நாசர் என்றுதான் படித்திருக்கிறோம். அந்தக் காலத்தில் அங்கே வெளியுறவு அமைச்சராக இருந்தவர் கோச்சா போப்போவிச் என்ற செர்பியர் என்கிறார்கள். அவர் சொந்தமாக எதையாவது சாதித்தாரா, இல்லை டிட்டோ சொன்னதற்குத் தலையாட்டியவரா?"

திசையைத் தீர்மானித்தது நாட்டின் தலைவர் டிட்டோதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் டிட்டோ ஒரு வருடம் வாஷிங்டன் பக்கமும் மறு வருடம் மாஸ்கோ பக்கமும் சாய்ந்துகொண்டிருந்த காலம் அது. 'இந்த ஆளிடம் பேசினால் பேச்சு நிற்கும்' என்று எல்லாத் தரப்பும் நம்பக்கூடிய ஒருவர் தலைநகர் பெல்கிரேடில் தேவைப்பட்டார். போப்போவிச் அந்த வேலையைச் செய்தார். டிட்டோவின் தயவால் மேலே வந்தவர் இல்லை என்பது அவருக்குக் கிடைத்த மரியாதைக்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அதைப் புரிந்துகொள்ள அமைச்சர் பதவிக்கு முந்தைய கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1908 மார்ச் 14 அன்று பெல்கிரேடில் பிறந்தார். கான்ஸ்டன்டின் என்பது முழுப் பெயர், கோச்சா என்பது எல்லோரும் கூப்பிட்ட பெயர். பணக்காரக் குடும்பம். முதல் உலகப் போர்க் காலத்தைச் சுவிட்சர்லாந்தில் கழித்ததால் சின்ன வயதிலேயே பிரெஞ்சு சரளமாக வந்துவிட்டது. பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது சர்ரியலிசம். கனவையும் பித்தையும் தர்க்கத்துக்கு மேலே வைத்த அந்த இலக்கிய இயக்கத்துக்குப் பாரிஸுக்கு வெளியே அமைந்த உருப்படியான கிளைகளில் ஒன்று பெல்கிரேடில் இருந்தது. 1930-ல் பதின்மூன்று பேர் கையெழுத்துப் போட்டு அந்தக் குழுவைப் பகிரங்கமாக அறிவித்தபோது, அதில் ஒரு கையெழுத்து போப்போவிச்சுடையது. மறு வருடம் மார்கோ ரிஸ்திச்சோடு சேர்ந்து, அறிவுக்கு அடங்காதவற்றைப் பற்றி ஒரு கனமான தத்துவ நூலும் எழுதினார். இந்த ரிஸ்திச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்ததும் யுகோஸ்லாவியா பாரிஸுக்கு அனுப்பிய தூதர் இவர்தான். கம்யூனிஸ்ட் அரசு ஒன்று சர்ரியலிஸ்ட் கவிஞரைத் தூதராக்கியதும், அவருடைய கூட்டாளியைப் பிற்பாடு அமைச்சராக்கியதும் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1933-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அன்றைய யுகோஸ்லாவிய முடியரசில் அது தடைசெய்யப்பட்ட கட்சி. 1937-ல் ஸ்பெயினுக்குப் போய்க் குடியரசுப் படையின் பீரங்கிப் பிரிவில் அதிகாரியாகச் சண்டை போட்டார். குடியரசு தோற்றதும் எல்லை தாண்டி வந்தவர்களைப் பிரான்ஸ் முகாம்களில் அடைத்தது, அவரும் அதில் அகப்பட்டார். 1939-ல் ஊர் திரும்பினார்.

ஜெர்மனி 1941 ஏப்ரலில் யுகோஸ்லாவியாவைக் கைப்பற்றியதும் அவர் டிட்டோ தலைமையிலான பார்ட்டிசான் கெரில்லாக்களோடு சேர்ந்தார். அதே வருடம் டிசம்பரில் போஸ்னியாவின் ரூதோ ஊரில் முதல் பாட்டாளி பிரிகேட் உருவானபோது, அதன் தளபதி இந்த முப்பத்து மூன்று வயதுக் கவிஞர். 1942 ஜனவரியில் உறைபனியில் இக்மான் மலையைக் கடந்த நடையில் பலருக்கு விரல்கள் கருகிப்போயின. 1943 ஜூனில் சுத்யெஸ்கா ஆற்றங்கரையில் ஏறத்தாழ 20,000 பார்ட்டிசான்களை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானிய, இத்தாலிய, கூட்டணிப் படையினர் சுற்றி வளைத்தார்கள். அந்த வளையத்தை உடைத்து வழி திறந்தது போப்போவிச்சின் முதல் டிவிஷன். சுமார் 7,000 பேர் அந்த ஒரு மோதலில் செத்தார்கள். டிட்டோ உட்பட மீதிப்பேர் வெளியே வந்தார்கள். இந்தக் கணக்கு டிட்டோவுக்கும் தெரியும், போப்போவிச்சுக்கும் தெரியும். பிற்பாடு அமைச்சரவையில் இருவரும் பேசிக்கொண்ட எல்லாவற்றுக்கும் பின்னால் இது இருந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்த ஒரு சம்பவத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். ராஜதந்திரத்தில் அவருடைய முதல் வேலை அதுதான், வெகுகாலம் நாட்டில் யாரும் வாய் திறக்காத வேலையும் அதுதான்.

1943 மார்ச். நெரெத்வா ஆற்றுப் பகுதியில் பார்ட்டிசான்கள் நெருக்கடியில் இருக்கிறார்கள், கூடவே நாலாயிரம் காயம்பட்டவர்கள். கையில் சில ஜெர்மன் கைதிகள், அதில் ஒரு மேஜர். கைதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஜெர்மானியர்களுக்குத் தூது போகிறது. அதற்காக டிட்டோ மூன்று பேரை அனுப்புகிறார்: கட்சித் தலைமையிலிருந்து மிலோவன் ஜிலாஸ், வழக்கறிஞர் விளாதிமிர் வெலெபித், படையிலிருந்து போப்போவிச். ஜிலாஸும் வெலெபித்தும் பொய்ப் பெயரில் போனார்கள். போப்போவிச் தன் சொந்தப் பெயரில் போனார். கோர்னி வாகுஃப் என்ற சிற்றூரில் ஜெர்மன் டிவிஷன் தலைமையகத்தில் உட்கார்ந்து மூவரும் ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் கேட்டது கைதிப் பரிமாற்றம் மட்டுமில்லை. எங்களைக் கொள்ளைக்காரர்களாக நடத்தாதீர்கள், போரிடும் ஒரு படையாக அங்கீகரியுங்கள் என்பதும் அதில் இருந்தது. தங்களுடைய முதன்மை எதிரி முடியரசு ஆதரவு செத்னிக்குகள்தான் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு மற்ற இருவரும் சாக்ரெப் வரைக்கும் போய்ப் பேச்சைத் தொடர்ந்தார்கள், போப்போவிச் தன் டிவிஷனுக்குத் திரும்பிவிட்டார். பெர்லின் கடைசியில் இதையெல்லாம் ஏற்கவில்லை. கைதிகள் சிலர் மாற்றப்பட்டதும், மூச்சு விடக் கொஞ்ச நாள் கிடைத்ததும்தான் மிச்சம்.

நாஜிகளோடு பேசினார்கள் என்பது பார்ட்டிசான் புராணத்தில் பொருந்தாத துண்டு, அதனால் பல பத்தாண்டுகள் மூடி வைத்தார்கள். ஆனால் அந்த மூவரின் பிற்கால வாழ்க்கையைப் பாருங்கள். ஜிலாஸ் 1954-ல் கட்சித் தலைமையிலிருந்து தூக்கி எறியப்பட்டார், பின்னால் வருடக்கணக்கில் சிறையில் கிடந்தார். வெலெபித் லண்டனில் தூதரானார். போப்போவிச் அமைச்சரானார். எதிரியின் மேஜையில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் என்று டிட்டோ அவர்களை அன்றைக்கே அடையாளம் பார்த்து வைத்திருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

போர் முடிந்ததும் 1945-லிருந்து 1953 வரை அவர் படைத்தலைமை அதிகாரி. 1948 ஜூன் 28 அன்று ஸ்டாலினின் ஆட்கள் யுகோஸ்லாவியக் கட்சியைச் சர்வதேசக் கம்யூனிஸ்ட் அமைப்பிலிருந்து வெளியேற்றினார்கள். ஒரே நாளில் கிழக்கு எல்லை முழுக்க எதிரி எல்லையாகிவிட்டது. ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா வழியாகச் சோவியத் படை வரலாம் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. ஆயுதத்துக்கு எங்கே போவது? 1951-ல் போப்போவிச் வாஷிங்டனுக்கே போனார். கம்யூனிஸ்ட் நாடொன்றின் படைத்தலைவர், கொரியாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில் உட்கார்ந்து எங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று பேசினார். அதே வருடம் நவம்பர் 14 அன்று ராணுவ உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்சிப் பிரசங்கம் எதுவும் செய்யாமல், டாங்கி, பீரங்கி, எல்லை, தூரம் என்று ராணுவக்காரன் ராணுவக்காரனிடம் பேசும் பாஷையில் பேசக்கூடியவர் அவர். அதுதான் அங்கே எடுபட்டது.

1953 ஜனவரியில் எட்வர்ட் கார்தெலிடமிருந்து வெளியுறவுப் பொறுப்பு அவருக்கு வந்தது. கார்தெல் கட்சியின் சித்தாந்த மூளை. டிட்டோ, கார்தெல், ரான்கோவிச், ஜிலாஸ் என்ற உள்வட்ட நால்வரில் போப்போவிச் ஒருபோதும் இல்லை. அது குறை என்று தோன்றலாம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது வசதியாக இருந்தது. சித்தாந்தம் பேசி நேரத்தை வீணாக்காத, பிரெஞ்சில் கிண்டலடிக்கத் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

முதல் வேலை அடுத்த மாதமே முடிந்தது. 1953 பிப்ரவரி 28 அன்று அங்காராவில் கிரீஸ், துருக்கி அமைச்சர்களோடு நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு நாடுகளும் முந்தைய வருடம்தான் நேட்டோவில் சேர்ந்திருந்தன. நேட்டோ வாசலுக்குள் போகாமலே அதன் திண்ணையில் இடம் பிடித்த மாதிரி. கையெழுத்தான ஐந்தாம் நாள் ஸ்டாலின் செத்துப்போனார். எந்தப் பயத்துக்காக ஒப்பந்தம் போட்டார்களோ, அந்தப் பயமே கரைய ஆரம்பித்துவிட்டது. இருந்தாலும் 1954 ஆகஸ்டில் ப்ளெட் நகரில் அதை ராணுவக் கூட்டணியாகவே உயர்த்தினார்கள். அந்தக் கூட்டணி பிறந்தது முதல் நோயாளிதான். சைப்ரஸ் தகராறில் கிரீஸும் துருக்கியும் முட்டிக்கொண்டன, யுகோஸ்லாவியாவுக்கும் ஆர்வம் போய்விட்டது. ரத்து செய்யாமலே மறந்துபோன ஒப்பந்தம்.

திரியெஸ்தே விவகாரம் அப்படியில்லை. அதை அவருடைய அமைச்சகத்தின் உருப்படியான சாதனை என்று தயங்காமல் சொல்வேன். அத்ரியாட்டிக் கரையில் இருக்கும் அந்தத் துறைமுக நகரத்துக்கு இத்தாலியும் யுகோஸ்லாவியாவும் உரிமை கோரின. நகரம் இருந்த 'ஏ' மண்டலம் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளிடம், அதற்குத் தெற்கே 'பி' மண்டலம் யுகோஸ்லாவியாவிடம். 1953 அக்டோபர் 8 அன்று, 'ஏ' மண்டலத்தை இத்தாலிக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் கிளம்புகிறோம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் அறிவித்தன. பெல்கிரேடில் கலவரம். இத்தாலியப் படை உள்ளே நுழைந்தால் ஆக்கிரமிப்பாகவே எடுத்துக்கொள்வோம் என்றார் டிட்டோ. இரண்டு பக்கமும் படை எல்லைக்கு நகர்ந்தது. இது டிட்டோவின் பாகம்.

அடுத்த வருடம் லண்டனில் நடந்தது மற்றவர்களின் பாகம். அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகள் முதலில் யுகோஸ்லாவியாவோடு மட்டும் மாதக்கணக்கில் ரகசியமாகப் பேசினார்கள். இத்தாலிக்காரர் அந்த அறையில் கிடையாது. யுகோஸ்லாவியாவின் பிடி எங்கே தளரும், எங்கே தளராது என்று தெரிந்த பிறகு, அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு இத்தாலியிடம் தனியாகப் போனார்கள். முகத்துக்கு முகம் உட்கார வைத்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. யுகோஸ்லாவியா சார்பில் அங்கே உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? கோர்னி வாகுஃபுக்குப் பொய்ப் பெயரில் போன அதே வெலெபித். 1954 அக்டோபர் 5 அன்று உடன்படிக்கை ஆனது. நகரம் இத்தாலிக்கு, 'பி' மண்டலம் சின்னத் திருத்தங்களோடு யுகோஸ்லாவியாவுக்கு. 'இறுதித் தீர்வு' என்ற சொல்லை யாரும் எழுதவில்லை, அதனால் இரண்டு அரசுகளும் ஊரில் தலை நிமிர்ந்து பேச முடிந்தது. எல்லையை முறைப்படி உறுதி செய்ய இன்னும் இருபத்தோரு வருடம், 1975 வரை, ஆனது. அதற்குள் அந்த எல்லையில் போர் எதுவும் மூளவில்லை.

1955 மே 26. சோவியத் கட்சித் தலைவர் குருஷ்சேவ் பெல்கிரேடு விமான நிலையத்தில் இறங்கினார். இறங்கினவுடனே ஒலிபெருக்கி முன்னால் நின்று, நடந்த தப்புக்கெல்லாம் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவர் பெரியாதான் காரணம் என்ற ரீதியில் பேசினார். பெரியா ஏற்கெனவே சுடப்பட்டுப் போனவர், பழியைச் சுமக்க வசதியான ஆள். டிட்டோ முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நின்றார், பதில் உரை எதுவும் நிகழ்த்தவில்லை. ஸ்டாலின் பெயரைச் சொல்லாத மன்னிப்பு அவருக்கு வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஜூன் 2 அன்று வந்த பெல்கிரேடு பிரகடனத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் கையெழுத்து. சோவியத் பக்கம் கையெழுத்துப் போட்டவர் கட்சித் தலைவர் குருஷ்சேவ் இல்லை, பிரதமர் புல்கானின். அதாவது இது அரசுக்கும் அரசுக்கும் நடந்த சமரசம், தப்பு செய்த தம்பிக் கட்சியை அண்ணன் கட்சி மன்னித்துச் சேர்த்துக்கொள்ளும் விவகாரம் இல்லை. சோஷலிசத்தை ஒவ்வொரு நாடும் தன் வழியில் அமைக்கலாம், உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற வாசகங்களும் உள்ளே ஏறின. அதே வருடம் நவம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ், டிட்டோ வழக்கமாகத் தங்கும் பிரியோனித் தீவுக்கு வந்து டிட்டோவோடு சாப்பிட்டார். அரை வருட இடைவெளியில் இரண்டு முகாமும் வீட்டுக்கு வந்து போனது. போப்போவிச் அமைச்சகத்தின் உச்சம் இதுதான் என்பது என் எண்ணம். 1961 அணிசேரா மாநாட்டைச் சொல்பவர்கள் நிறைய, நான் 1955-ஐத்தான் சொல்வேன்.

அதன் பிறகு வந்தது சறுக்கல். 1956 நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்ததும், ஹங்கேரியப் பிரதமர் இம்ரே நாகி தன் சகாக்கள், குடும்பங்களோடு யுகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். இதிலுள்ள அசிங்கம் என்னவென்றால், அதற்கு இரண்டு நாள் முன்னால் குருஷ்சேவ் ரகசியமாகப் பிரியோனிக்கு வந்து, படையெடுக்கப் போகிறோம் என்று டிட்டோவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டிட்டோ எதிர்க்கவில்லை. நாகியை அரசியலிலிருந்து ஒதுக்கி வைக்க உதவுகிறோம் என்ற புரிதலும் இருந்தது. தூதரகத்துக்குள் வந்து உட்கார்ந்த நாகி பதவி விலக மறுத்தார், ரஷ்யர்கள் ஆளைக் கொடு என்றார்கள். பெல்கிரேடு இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டது.

துணை அமைச்சர் ஒருவர் புடாபெஸ்ட் போய், புதிய ஹங்கேரியத் தலைவர் காதாரிடம் எழுத்தில் உறுதி வாங்கினார்: இவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க மாட்டோம், பத்திரமாக வீடு போகலாம். நவம்பர் 22 அன்று நாகி கோஷ்டி தூதரக வாசலில் நின்ற பேருந்தில் ஏறியது. கூடவே யுகோஸ்லாவியத் தூதரக அதிகாரிகளும் ஏறினார்கள். வழியில் சோவியத் ராணுவம் அந்த அதிகாரிகளை இறக்கிவிட்டு, மற்றவர்களைத் தங்கள் தலைமையகத்துக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து ருமேனியா. 1958 ஜூன் 16 அன்று நாகி தூக்கிலிடப்பட்டார். போப்போவிச்சின் அமைச்சகம் கடுமையான கண்டனக் குறிப்புகளை அனுப்பியது. குறிப்புகள் நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தன, ஆனால் எழுத்தில் வாங்கின உறுதியைக் காப்பாற்ற வைக்கிற பலம் அந்த நாட்டுக்கு இல்லை. ஹங்கேரி பற்றி எழுதியதற்காக ஜிலாஸை அதே நவம்பரில் கைது செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை எதிர்த்து போப்போவிச் பகிரங்கமாக எதுவும் பேசவில்லை. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இதைத் தொடர்ந்து மேற்கு பக்கமும் இரண்டு விரிசல். 1957 அக்டோபரில் யுகோஸ்லாவியா கிழக்கு ஜெர்மனியை அங்கீகரித்தது. கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கிற நாட்டோடு உறவு வைக்க மாட்டோம் என்பது மேற்கு ஜெர்மனியின் ஹால்ஸ்டைன் கொள்கை. அது முதன்முதலில் யார் தலையில் இறங்கியது என்றால் யுகோஸ்லாவியா தலையில். மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பான் உறவை முறித்தது, திரும்ப ஒட்ட 1968 ஆனது. இன்னொன்று அல்ஜீரியா. விடுதலைப் போராளிகளுக்கு யுகோஸ்லாவியா ஆயுதம் அனுப்பியது. 1958 ஜனவரியில் 'ஸ்லொவேனியா' என்ற கப்பலைப் பிரெஞ்சுக் கடற்படை மறித்து, சுமார் 150 டன் ஆயுதத்தைப் பறிமுதல் செய்தது. பிரெஞ்சில் வளர்ந்து, பாரிஸில் படித்து, பிரெஞ்சுக் கவிஞர்களோடு பழகிய மனிதர், பிரான்ஸை இவ்வளவு கோபப்படுத்திய கொள்கைக்குப் பொறுப்பு வகித்தார். இதில் அவர் பின்வாங்கவில்லை. காலனி ஆட்சியை எதிர்ப்பது பாரிஸ் சர்ரியலிஸ்டுகள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்திலும் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இனி, இரண்டு வல்லரசு முகாமிலும் சேராத நாடுகளின் அணிசேரா இயக்கம். 1956 ஜூலையில் நேருவும் எகிப்தின் நாசரும் பிரியோனியில் டிட்டோவைச் சந்தித்தார்கள். இயக்கம் அங்கேதான் பிறந்தது என்று பாடப்புத்தகங்கள் எழுதும், ஆனால் அன்றைக்கு நேரு ஒரு புதிய முகாமை ஆரம்பிக்கிற எண்ணத்தில் வரவே இல்லை. உண்மையான வேகம் 1960 செப்டம்பரில் நியூயார்க்கில் வந்தது. ஐ.நா. கூட்டத்துக்கு வந்திருந்த நேரு, நாசர், கானாவின் நிக்ருமா, இந்தோனேசியாவின் சுகர்ணோ ஆகியோரை டிட்டோ யுகோஸ்லாவிய அலுவலகத்தில் ஒன்றாக உட்கார வைத்தார். அடுத்த வருடம் ஜூனில் கெய்ரோவில் தயாரிப்புக் கூட்டம். யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்பதற்கு அங்கேதான் விதி எழுதினார்கள்.

அந்த விதியின் நெளிவுசுளிவைப் பாருங்கள். ராணுவக் கூட்டணியில் இருக்கிற நாடு சேரக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. 'வல்லரசுகளின் மோதலை ஒட்டிச் செய்துகொண்ட' கூட்டணியாக இருக்கக் கூடாது என்றார்கள். இந்த இடுக்கு பல நாடுகளுக்கு வேண்டியிருந்தது, விருந்து வைத்த யுகோஸ்லாவியா உட்பட. ப்ளெட் கூட்டணி காகிதத்தில் அப்போதும் உயிரோடுதான் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்ட அமைச்சர்தான் அணிசேரா மாநாட்டுக்கும் அமைச்சர்.

1961 செப்டம்பர் 1 முதல் 6 வரை பெல்கிரேடில் முதல் மாநாடு. 25 நாடுகள் கலந்துகொண்டன, மூன்று லத்தீன் அமெரிக்க நாடுகள் பார்வையாளர்களாக வந்தன. இலங்கையிலிருந்து பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா வந்திருந்தார். ஏறத்தாழ மூன்று வாரம் முன்னால்தான் பெர்லின் சுவர் எழும்பியிருந்தது. மாநாட்டுக்கு முந்தைய நாள்களில் சோவியத் ஒன்றியம் அணுகுண்டுச் சோதனையைத் திரும்ப ஆரம்பிப்பதாக அறிவித்து, மாநாடு தொடங்கிய அன்றே செய்தும் காட்டியது. காலனி ஒழிப்பே முதல் விஷயம் என்றார் சுகர்ணோ. போர் அபாயம் தலைக்கு மேல் தொங்கும்போது அதுதான் முதல் விஷயம் என்றார் நேரு. டிட்டோ தன் உரையில் சோவியத் சோதனைக்கான காரணம் புரிகிறது என்ற தொனியில் பேசிவிட்டார். பெல்கிரேடில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜார்ஜ் கென்னனுக்கு இது பலத்த அடி. யுகோஸ்லாவியாவை நன்றாகப் புரிந்தவர், நல்லெண்ணத்தோடு வந்தவர். மறு வருடம் அமெரிக்க நாடாளுமன்றம் யுகோஸ்லாவியாவின் வர்த்தகச் சலுகையில் கை வைத்தது, 1963-ல் கென்னன் பதவியை விட்டுப் போனார். ஒரு உரையால் உடைந்ததை ஒட்ட வைக்க போப்போவிச் தரப்புக்கு இரண்டு வருடம் ஆனது. 1963 அக்டோபரில் டிட்டோ வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார். கென்னடி கொல்லப்படுவதற்கு ஐந்து வாரம் முன்னால்.

அணிசேரா இயக்கத்தின் புகழில் போப்போவிச்சுக்கு அதிகம் பங்கு கிடைக்கவில்லை. அதற்காக அவர் அலட்டிக்கொண்டதாகவும் தெரியவில்லை. அது டிட்டோ ரசித்து நடத்திய மேடை. போப்போவிச்சுக்குப் பிடித்தது மூடிய அறையும் வாசகத் திருத்தமும்.

1965 ஏப்ரலில் பொறுப்பை மார்கோ நிகெசிச்சிடம் கொடுத்தார். வாஷிங்டனில் தூதராக இருந்தவர் நிகெசிச், அமைச்சகத்துக்குள் வளர்ந்த ஆள். 1966 ஜூலையில் ரகசியப் போலீஸின் பிதாமகர் ரான்கோவிச், டிட்டோவின் வீட்டிலேயே ஒட்டுக்கேட்புக் கருவி வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு வீழ்ந்தார். அவர் உட்கார்ந்திருந்த துணைக் குடியரசுத் தலைவர் நாற்காலி போப்போவிச்சுக்கு வந்தது. மறு வருடம் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் 'தலையாட்டி' பாகத்துக்கு நேரடியான பதில். 1972-ல் நிகெசிச் செர்பியக் கட்சியின் தலைவர். அவரும் லத்திங்கா பெரோவிச்சும் கட்சியின் இறுக்கத்தைத் தளர்த்தவும், தொழில் நிர்வாகத்தைக் கட்சிக்காரர் கையிலிருந்து எடுத்துத் தெரிந்தவர்களிடம் கொடுக்கவும் முயன்றார்கள். டிட்டோவுக்குப் பிடிக்கவில்லை. முந்தைய வருடம் குரோவேசியத் தலைமையை நீக்கியவர், அக்டோபரில் இவர்களையும் விலக வைத்தார். போப்போவிச் அப்போது கூட்டாட்சியின் தலைமைக் குழுவில் உறுப்பினர், அவரை யாரும் போகச் சொல்லவில்லை. நவம்பரில் அவராகவே விலகினார். டிட்டோவின் ஆட்சியில் மேல்மட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டார்கள், அல்லது பதவியிலேயே செத்தார்கள். சக தோழர்களை நீக்கியதற்காகத் தானாக எழுந்து போனவர்கள் மிகச் சிலர். ஜிலாஸுக்காகச் செய்யாததை நிகெசிச்சுக்காகச் செய்தார் என்று ஒருவர் குறை சொன்னால், நான் மறுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு இருபது வருடம் எந்தப் பதவியும் கிடையாது. பெரும்பகுதி துப்ரோவ்னிக் கடற்கரை நகரில் வாழ்ந்தார். நினைவுக் குறிப்பு எழுதித் தன்னை நியாயப்படுத்துகிற அந்தத் தலைமுறைப் பழக்கம் அவரிடம் இல்லை. ஒரு பத்திரிகையாளரோடு நடத்திய நீண்ட உரையாடல் 1989-ல் நூலாக வந்தது. செர்பியாவில் மிலோஷெவிச்சின் தேசியவாதம் கொடி கட்டிப் பறந்தபோது அதற்கு அவர் துணை போகவில்லை. யுகோஸ்லாவிய ராணுவம், அவர் எட்டு வருடம் தலைமை தாங்கிய அதே ராணுவம், நாடு உடைந்துகொண்டிருந்த 1991-ல் துப்ரோவ்னிக் மேல் குண்டு வீசியது. 1992 செப்டம்பர் 22 அன்று ஐ.நா. பொதுச்சபை, பழைய யுகோஸ்லாவியாவின் இருக்கையைச் செர்பியாவும் மொண்டினீக்ரோவும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்மானித்தது. ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 20 அன்று, தன் 84-வது வயதில் போப்போவிச் பெல்கிரேடில் காலமானார்.

அவர் காலத்து வேலைக்கு இன்றைக்கும் பலன் உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். உண்டு, அதுவும் நேரடியாக. 2008-ல் செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோ தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டதும், அன்றைய செர்பிய வெளியுறவு அமைச்சர் வுக் யெரெமிச் போய் நின்றது ஆப்பிரிக்க, ஆசிய, லத்தீன் அமெரிக்கத் தலைநகரங்களில். பழைய அணிசேரா உறவை வைத்து ஆதரவு திரட்டினார். அந்த அறிவிப்பு சட்டப்படி சரியா என்று சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் தீர்மானம் அக்டோபரில் பொதுச்சபையில் 77-க்கு 6 என்று நிறைவேறியது, 74 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. இந்தியாவும் இலங்கையும் கொசோவோவை அங்கீகரிக்காத நாடுகளின் வரிசையில்தான் இருக்கின்றன. 2021 அக்டோபரில் அணிசேரா இயக்கத்தின் அறுபதாம் ஆண்டு விழாவைப் பெல்கிரேடு நடத்தியது, இத்தனைக்கும் செர்பியா அதில் இப்போது வெறும் பார்வையாளர். வாக்குகள் வந்தன, விருந்தாளிகள் வந்தார்கள். ஆனால் யெரெமிச் கேட்டு வாங்கிய அந்த நீதிமன்றக் கருத்து 2010 ஜூலை 22 அன்று வந்தபோது, கொசோவோவின் அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்றுதான் சொன்னது.